மஞ்சள் மூடி

ஊசி போட்டு நூற்றிருபத்தொரு நாளும் பதினைந்து மணி நேரமும் ஆகியிருந்தபோது ரோச்சுக்கு வயிறு போக ஆரம்பித்தது. அப்போது அவன் கரையிலிருந்து எட்டு மைல் தள்ளி, சங்கு எடுக்கும் கடலடிப் பாறைத்திட்டான பாரின்மேல், வள்ளத்தில் இருந்தான்.

இந்தக் கணக்கு அவன் மச்சினி அல்போன்சாவுடையது. அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஊசி போட்டது நவம்பர் நாலு, திங்கட்கிழமை, மாலை நாலு மணி. நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. வயிறு போனது மார்ச் ஆறு, காலை ஏழு மணி. துறைமுகத்தின் ஏழு மணி ஊதல் கேட்டபோதுதான் என்று வள்ளத்தில் கூட இருந்த வில்பிரட் சொன்னான். காற்றில்லாத நாளில் அது பார்வரைக்கும் கேட்கும்.

அன்றைக்குக் காற்றில்லை. பாய் செத்த துணியாகத் தொங்கியது. வில்பிரட்டும் மற்ற ஆறு பேரும் துடுப்புப் போட்டுக் கரை சேர மணி பத்தாகிவிட்டது.

அல்போன்சா நோட்டுப் பையோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கரையில் ஆள் ஓடுவது தெரிந்தது. சங்கு அளக்கும் நேரமில்லையே என்று நினைத்துக்கொண்டே அவளும் போனாள். நாலு பேர் பாய்த்துணியில் வைத்து ரோச்சைத் தூக்கிவந்தார்கள். காலையில் போகும்போது வாசல்படியில் நின்று, “தங்கச்சிய எழுப்பாத, தூங்கட்டும்” என்று பெண்டாட்டி பிலோமினாவிடம் சொல்லிவிட்டுப் போன மனிதன். இப்போது கண்ணிரண்டும் குழிக்குள் போயிருந்தன. கன்னத்தில் சதையே இல்லை. ஆறு மணி நேரத்தில் பத்து வயது கூடிவிட்டது.

“விரலெல்லாம் சுருங்கியிருந்துச்சு தாயி,” என்றான் வில்பிரட். “நான் பாத்தேன். குளிச்ச கைதானேன்னு விட்டுட்டேன். தெனம் பாக்குத கைதான. மூணு தடவை ஓரத்துல போயி உக்காந்தாரு. பெறவுதான் எனக்கு மண்டையில உறைக்கி, இன்னைக்கி மச்சான் தண்ணியில எறங்கவே இல்லையே, விரல் எப்படிச் சுருங்குச்சுன்னு.”

அல்போன்சா ரோச்சின் கையைப் பிடித்துப் பார்த்தாள். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது.

“காலராக் கொட்டகைக்குக் கொண்டு போங்க,” என்றாள். அவள் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

*

அல்போன்சாவுக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அம்மாவும் அப்பாவும் போனபின் அக்கா பிலோமினா வீட்டில்தான் வளர்ந்தாள். படிக்க வைத்தது அத்தான். மூச்சடக்கிக் கடலடிக்குப் போய், ரோச் எடுத்த சங்குகளில்தான் அவள் காலேஜ் படிப்பு நடந்தது. நாலு பேர் இருக்குமிடத்தில் அவளுக்குப் பேச்சு வராது. பரீட்சையில் கேட்டால் எழுதுவாள், வாயால் கேட்டால் தலை குனிவாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. சங்குக்கு மூழ்கிக் குளிக்கிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் வள்ளத்திலிருந்து பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலி அறுபட எவனும் கை தளர்த்தமாட்டான். பிலோமினாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் பெரியப்பா மகன் வில்பிரட் பிடித்தான். கடலடியிலிருந்து கயிறு ஒரு தடவை வெட்டி இழுபட்டால் உடனே மேலே தூக்க வேண்டும். ஏன், என்ன என்று யோசிக்கக் கூடாது. யோசிக்கிற நேரம் அவனுடைய மூச்சு.

“எனக்குச் சொந்த மச்சினன் நீதான்ளா,” என்று ரோச் அவளைக் கேலி செய்வான். “ஆம்பளையாப் பொறக்க மறந்துட்ட. கடல்ல வில்பிரட்டு கயிறு, கரையில உன் கயிறு.”

போன அக்டோபரில் அவளுக்கு வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். ஒரு புதுக் காலரா ஊசியைச் சர்க்கார் அந்தக் கரை ஊர்களில் சோதித்துப் பார்த்தது. பழைய ஊசி ஆறு மாதம் தாங்கினால் பெரிது. புதியது மூன்று வருடம் தாங்கும் என்று நம்பினார்கள். நம்பிக்கைதான், நிச்சயமில்லை. நிச்சயம் செய்யத்தான் சோதனை. டாக்டர் கிருபாநிதி பொறுப்பாளர். சாத்தான்குளத்துக் கம்பவுண்டர் வன்னியபெருமாள் ஊசி போடுவார். அல்போன்சா கார்டைப் பார்த்துக் குப்பி எடுத்துக் கொடுத்து நோட்டில் பதிவாள். ஊர்க்காரர்களுக்கு அவள் நோட்டு டீச்சர்.

ஐஸ் பெட்டியில் இரண்டு வகைக் குப்பி இருக்கும். சிவப்பு மூடி, மஞ்சள் மூடி. ஒன்றில் மருந்து. மற்றதில் வெறும் உப்புத்தண்ணீர். எது எது என்பது மெட்ராஸில் ஒரு கவருக்குள் அரக்கு வைத்து இருந்தது. நூற்றெண்பது நாள் கழித்துக் கவரைப் பிரிப்பார்கள். எந்த மூடிக்காரர்களுக்குக் காலரா குறைவாக வந்தது என்று பார்ப்பார்கள். மருந்து நல்லதென்று தெரிந்தால், தண்ணீர் போட்டுக்கொண்டவர்களுக்கும் அப்போது மருந்து போடுவார்கள். டாக்டர் இதை முதல் நாளே விளக்கமாகச் சொன்னார். ஊர்க்காரர்களிடம் தண்ணீர் என்று சொல்லக் கூடாது என்றும் சொன்னார். சொன்னால் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள்.

அல்போன்சா வீட்டிலும் சொல்லவில்லை.

கார்டு வந்த அன்றைக்கு ரோச் கஞ்சிக்குச் சங்குச்சதை வற்றலைக் கடித்துக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது என்னளா, பொட்டு வச்ச கார்டு?”

“சிவப்பு மூடி பாதிப் பேருக்கு, மஞ்ச மூடி பாதிப் பேருக்கு அத்தான். எது நல்லாக் கேக்குதுன்னு பாப்பாவ.”

“எம்புட்டு நாளைக்குப் பாப்பாவ?”

“நூத்தியெம்பது நாள்.”

“அடேயப்பா! நம்ம மீன் ஆபீஸ் ஐயாவுக்கு ஒரு சங்குக்கு ஒரு நொடி போதும். பித்தளை வளையத்துக்குள்ள விடுவாரு. நொழைஞ்சா தள்ளுபடி, நொழையலன்னா எடுப்பு.”

“இதுக்கு அதான் அத்தான் வளையம். நூத்தியெம்பது நாளுதான் வளையம்.”

ரோச் வாயிலிருந்ததை விழுங்காமலே சிரித்தான். “ஏ பிலோமி, உன் தங்கச்சி பேசுதா பாரு. உள்ள முத்து கெடக்கு. பார்தான் ரொம்ப ஆழம்.”

“அவளைச் சீண்டாம தின்னுங்க,” என்றாள் பிலோமினா. நாலு வயதுக் கிளாடிஸ் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

அவர்கள் ஊருக்கு முறை வருவதற்கு முன்பே மூன்று வாரம் மற்ற ஊர்களில் ஊசி போட்டிருந்தார்கள். சிவப்பு மூடி கையைத் தூக்க விடாது, இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், மஞ்சள் எறும்பு கடித்த மாதிரி என்று பேச்சு கரை முழுக்க ஓடிவிட்டது. நவம்பர் நாலாம் தேதி மாலை வரிசையில் நின்ற குளியாட்கள் எல்லாருக்கும் மஞ்சள்தான் வேண்டியிருந்தது. மறுநாள் அந்த வருடத்தின் முதல் குளிப்பு. பங்குச் சாமியார் காலையிலேயே வள்ளங்களை மந்திரித்துவிட்டுப் போயிருந்தார்.

“அண்ணாச்சி, எனக்கு மஞ்சளாப் பாத்துப் போடுங்க. நாளைக்கிக் கல்லு பிடிச்சு முங்கணும்.”

“நீ என்ன கிளப்புக் கடையிலயா நிக்க, கேட்டதைக் குடுக்க? கார்டுல என்ன பொட்டோ அதான். கைய நீட்டுலே,” என்றார் வன்னியபெருமாள்.

“வலிச்சா உம்ம வீட்டுக்குத்தான் கஞ்சிக்கு வருவேன்.”

“வா. எங்க ஊர்ல கடல் கெடையாது, கஞ்சி நெறைய உண்டு.”

ரோச் கடைசி ஆளாக வந்தான். கார்டை அல்போன்சாவிடம் நீட்டினான். என்னவோ சொல்லிச் சிரித்தான். அவள் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தாள். வன்னியபெருமாள் குத்தினார். அவள் நோட்டில் எழுதினாள்: 217, ரோச், மஞ்சள்.

மறுநாள் விடியுமுன் ரோச் கடலுக்குப் போனான். கை வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை. அன்றைக்கு அதிகச் சங்கு எடுத்தவன் அவன்தான். “எனக்கு ஒடம்பு இரும்பு. ஊசி உள்ள போயி பயந்து உக்காந்துட்டு,” என்று கரையில் சொல்லித் திரிந்தான்.

*

அந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துப்போயின. உப்பளக்காரர்கள் மட்டும் மார்கழியிலும் உப்பு வாரினார்கள். கிணறுகள் வற்றின. ஓடையில் தோண்டிய ஊற்றுக் குழியிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் வந்தது. அல்போன்சா வீடு வீடாகப் போய், கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னாள். மற்ற நேரத்தில் வாய் திறக்காத பெண் இதை மட்டும் சொன்னதால் ஊர் கேட்டது. வள்ளங்களுக்குக்கூட வெந்நீர் ஆற்றிப் பானையில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

தை மாதத்தில் காலரா வந்தது. முதலில் இரண்டு ஊர், பிறகு ஐந்து.

தொண்ணூற்றெட்டாம் நாள், பிப்ரவரி பத்து, டாக்டர் கிருபாநிதி மேஜைமேல் ஒரு தந்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சோதனை முடிஞ்சதும்மா. மருந்து நல்லதுன்னு மேலிடம் ஒப்புதல் கொடுத்தாச்சு. இன்னைக்கு ரேடியோல சொல்லுவாங்க.”

“நூத்தியெம்பது நாள் ஆகலையே பாப்பா?” என்று வன்னியபெருமாள் அவளிடம் கேட்டார். டாக்டரிடம் கேட்கப் பயம்.

டாக்டரே பதில் சொன்னார். “புதுத் துறைமுகத்துக்கு இப்பத்தான் வெளிநாட்டுக் கப்பல் வருது. காலராத் துறைமுகம்னு பேர் எழுதிட்டா ஒரு கப்பல் கட்டாது. அதனால ஊர் முழுக்க ஊசி போட்டாச்சுன்னு காட்டணும். மருந்து கையிருப்பு அவ்வளவு இல்லை. அதனால, சோதனையில ஊசி போட்டுக்கிட்ட அத்தனை பேருக்கும் கார்டுல சீல். அவங்களுக்கு மறுபடி போட வேண்டாம்.”

அல்போன்சா எழுந்து நின்றாள். அந்த ஆபீஸில் நாலு மாதத்தில் அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

“சார், பாதிப் பேருக்குத் தண்ணில்லா சார் போட்டிருக்கோம்?”

“எந்தப் பாதின்னு நமக்குத் தெரியாதும்மா. கவர் பிரிக்கலை.”

“பிரிச்சுப் பாத்துட்டு, தண்ணி போட்டவங்களுக்கு மட்டும்...”

“பிரிச்சா என்ன தெரியும்? தொண்ணூத்தெட்டு நாள் கணக்குல ஒண்ணும் நிக்காது. மருந்து கேக்குதா கேக்கலையான்னே சொல்ல முடியாது. அதனாலதான் பிரிக்க மாட்டேங்கறாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நானும் எழுதிக் கேட்டேன். இந்தத் தந்திதான் அதுக்குப் பதில். உக்காரும்மா.”

உட்கார்ந்தாள். அவளுக்கு எந்தப் பாதி என்று தெரியும். கைகளைப் பார்த்தவள் அவள்தான். சிவப்புக்குக் கை வீங்கியது, மஞ்சளுக்கு வீங்கவில்லை. உப்புத்தண்ணீர் போட்டால் எந்தக் கையும் வீங்காது. இதற்குக் கவர் எதற்கு? ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அடுத்த கேள்விவரைக்கும் யோசித்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கோயில் முற்றத்தில் சீல் குத்தினார்கள். ஊதா மையில் வட்டச் சீல். வரிசை நவம்பர் வரிசையைவிட நீளம்.

“வளையம் போடாமலே எடுப்புன்னுட்டானுவ போலிருக்கே,” என்றான் வில்பிரட். ரோச் பேசியதைக் கேட்டு வைத்திருந்தான்.

ரோச் கார்டை நீட்டினான். “அப்ப இனிமே பயமில்ல. எனக்கும் முழுசாப் போட்டாச்சுல்லா மச்சினா?”

அல்போன்சா சீலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆள் நெருக்கியது. வன்னியபெருமாள் நிமிர்ந்து பார்த்தார்.

“போட்டாச்சு அத்தான்,” என்றாள். சீலை அமுக்கினாள்.

அன்றோடு ஊரில் வெந்நீர் நின்றது. அவள் சொல்லிப் பார்த்தாள். “போளா, சர்க்காரே முத்திரை குத்திக் குடுத்துட்டான். பெறவு என்னத்துக்கு வெந்நி? வெறகுக்கு ஒடமரம் வெட்ட யாரு போவா?” என்றார்கள். வீட்டுப் பானைக்கு அவளே அடுப்பு மூட்டிக் காய்ச்சினாள். வள்ளத்துப் பானைக்கு வண்டித்தண்ணீர் போனது. அது அவளுக்குத் தெரியும். ஆபீஸ் ஐஸ் பெட்டியில் ஆறு சிவப்புக் குப்பி மீந்திருந்ததும் தெரியும். ஒன்றை மடியில் வைத்துக் கொண்டுவந்து அத்தானுக்குப் போட்டுவிடலாம். ஆனால் ஏன் என்று அத்தான் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொல்லலாம் என்றிருந்தாள். சாம்பல் புதன் கழியட்டும் என்றிருந்தாள். இப்படி இருபத்து மூன்று நாள்.

*

தொற்றுநோய்க் கொட்டகை ஊருக்கு வெளியே உப்பளத்தை ஒட்டி இருந்தது. வாசலில் காவலாள் காசிலிங்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வில்பிரட் மாட்டுவண்டியிலிருந்து குதித்து ஓடினான். காசிலிங்கம் கார்டைக் கேட்டு வாங்கினார்.

“சீல் இருக்கே.”

“இருக்கு.”

“சீல் உள்ளவனுக்குக் காலரா கெடையாது. இங்கன சேக்கக் கூடாதுன்னு ஆர்டர். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வேற வயித்துப்போக்கா இருக்கும்.”

“அண்ணாச்சி, ஆளைப் பாருங்க. வண்டி முழுக்க வெள்ளைத் தண்ணியாப் போயிருக்கு. கஞ்சி வடிச்ச தண்ணி மாதிரி.”

“நான் என்னப்பா செய்ய? நானா ஆர்டர் போட்டேன்? சேத்தா என் வேலை போவும்.”

அல்போன்சா வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். “அண்ணாச்சி, நான் ஊசி ஆபீஸ்ல வேலை பாக்கேன். இது காலராதான். சேருங்க.”

“நீங்கதான சீல் குத்துனிய?” என்றார் காசிலிங்கம். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டார்.

பெரியாஸ்பத்திரியில் நீண்ட வரிசை. ஒரு மாத்திரை கொடுத்து ஓரத்தில் படுக்கச் சொன்னார்கள். ரோச் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்தது. பிலோமினா தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணிக்கு ஒரு இளம் டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். ரோச்சின் கையைத் தொட்டார். சீலைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். சீட்டில் நாலு வரி கிறுக்கி, “கொட்டகைக்கு ஓடுங்க. நேரா அங்கே போகாம இங்கே ஏன் வந்தீங்க?” என்று கத்தினார்.

மறுபடி கொட்டகைக்கு வந்தபோது மணி இரண்டு. டாக்டர் கிருபாநிதிக்கு ஆள் அனுப்பியிருந்தாள். அவர் காரியமாகத் திருச்செந்தூர் போயிருந்தார், வன்னியபெருமாள்தான் சைக்கிளில் வந்தார். நரம்பு கிடைக்காமல் அவர் நாலு இடத்தில் குத்தினார். ஐந்தாவதில் கிடைத்தது. கொட்டகையில் மூன்று பாட்டில்தான் இருந்தது.

“அண்ணாச்சி, அது என்ன மருந்து?” என்றாள் பிலோமினா.

“உப்புத்தண்ணி தாயி. ஒடம்புல உள்ள தண்ணி அத்தனையும் போயிட்டுல்லா. இது உள்ள போனாத்தான் ஆளு எந்திரிப்பான். வேற மருந்தே வேண்டாம், இந்த உப்புத்தண்ணி ஒண்ணு போதும். காலையிலயே ஏத்தியிருந்தா...” அவர் அல்போன்சாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முதல் பாட்டில் முடிந்தபோது ரோச் கண் திறந்தான். குரல் அடித்தொண்டையிலிருந்து காற்றாக வந்தது.

“பிலோமி, கிளாடிஸ் எங்க?”

“பக்கத்து வீட்டுல விட்டுருக்கேன். பேசாதிய.”

“வில்பிரட்டு...”

“இங்கனதான் இருக்கேன் மச்சான். நாளைக்கிக் கயிறு மாத்தணும், பழசு நைஞ்சுட்டு. எந்திரிச்சு வாரும்,” என்றான் வில்பிரட். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரோச் அல்போன்சாவைப் பார்த்தான். அவளுடைய தாவணி முனை கட்டிலின்மேல் கிடந்தது. சுருங்கிய விரலால் அதைப் பிடித்தான்.

“என்னளா இது. போட்டாச்சுன்னு சொன்னியே.”

குற்றம் சொல்லவில்லை. அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். படித்த பெண்ணிடம் தெரியாததைக் கேட்டான். தாவணியை ஒரு தடவை வெட்டி இழுத்தான். அதற்குமேல் பலமில்லை.

“அத்தான்...” என்றாள். பிலோமினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வில்பிரட் இருந்தான். வன்னியபெருமாள் இருந்தார். அவள் பாட்டிலில் சொட்டு விழுவதை எண்ண ஆரம்பித்தாள்.

மூன்றாவது பாட்டில் நாலரைக்குத் தீர்ந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து வாங்கிவருவதாக ஓடியவர்கள் வெறுங்கையாக வந்தார்கள். சாமியார் வந்து கடைசிநேர எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். ஐந்து இருபதுக்கு ரோச் போனான். மணி பார்த்தது அல்போன்சாதான். பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

*

காலரா உடலை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அன்றைக்கே சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். பெட்டிக்குள் வில்பிரட் அந்தப் பழைய கயிற்றைச் சுருட்டி வைத்தான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்பு வாடை. அக்கம்பக்கத்தார் கொடுத்த கஞ்சி ஆடை படிந்து கிடந்தது. பிலோமினா அழவில்லை. மூலையில் உட்கார்ந்து, கிளாடிஸின் தலையை நெடுநேரமாக வாரிக்கொண்டிருந்தாள். இடையில் எழுந்துவந்து, தங்கச்சியின் கையில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தாள்.

“குடி. நேத்தைலருந்து ஒண்ணும் திங்கல. நீ என்ன செய்வ? உன்னால ஆனதை நீ செஞ்ச. அவுகளுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்.”

அல்போன்சா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு போட்டிருந்தால் பிழைத்திருப்பானா? அந்தக் கணக்கைத்தான் நேற்றிலிருந்து போட்டுப் பார்க்கிறாள். விடை வரவில்லை. வராது. இன்னும் எண்பத்திரண்டு நாள் பொறுத்திருந்தால் யாராவது ஒருவர் அந்த விடையை எழுதியிருப்பார். சீல் குத்திய அன்றைக்கே அது கலைந்துவிட்டது. இனி அதை உலகத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது. அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை உண்டு. அது அவளிடம் இருக்கிறது.

பத்து மணிக்கு டாக்டர் கிருபாநிதி வந்தார். பின்னால் வன்னியபெருமாள். டாக்டர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, போட்ட பெஞ்சில் உட்காராமல் நின்றார். கையில் அச்சடித்த ஒரு பாரம். அவள் நோட்டும் ரோச்சின் கார்டும் இருந்தன.

“நான் நேத்து ஊர்ல இல்லம்மா. மன்னிச்சிடுங்க,” என்று பிலோமினாவிடம் சொன்னார். பிலோமினா தலையை மட்டும் அசைத்தாள்.

“மெட்ராஸ்லேர்ந்து கேக்கறாங்க. சீல் இருந்தும் யாருக்கு வந்ததோ அவங்க விவரம் எழுதி அனுப்பணும்.” பாரத்தை விரித்தார். அப்புறம் அல்போன்சா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “இருநூத்திப் பதினேழு. கார்டுல சிவப்புப் பொட்டு இருக்கு. நோட்டுல மஞ்சள்னு எழுதியிருக்கே.”

அவள் நோட்டைப் பார்த்தாள்.

“நாலாயிரத்துச் சொச்சம் பேர் எழுதியிருக்கே. எல்லாம் பார்த்தேன். இது ஒண்ணுதான் ஒத்துப்போகல. அன்னைக்குக் கடைசி ஆள், அசதி. எழுதும்போது கை தவறியிருக்கும். அப்படித்தானே? சிவப்புன்னு திருத்திடறேன்.” பேனாவைத் திறந்தார். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்பது அவளுக்கு விளங்கியது. வன்னியபெருமாள் வாசற்படியில் கிடந்த பழைய சங்குத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிவப்பு, மஞ்சன்னா என்ன சார்?” என்றாள் பிலோமினா.

டாக்டர் வன்னியபெருமாளைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஊசிதான? என்ன வித்தியாசம்?”

“எனக்கென்ன தாயி தெரியும். பாப்பா எடுத்துக் குடுக்கும், நான் குத்துவேன்.”

பிலோமினா சீப்பைக் கீழே வைத்தாள். எழுந்து தங்கச்சிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். அல்போன்சாவின் தாவணி முனை தரையில் புரண்டது. அதை எடுத்து அவள் மடியில் போட்டாள். போட்ட கையை எடுக்கவில்லை.

“ஏளா, எனக்குப் படிப்பு கெடையாது. நீ சொன்னா எனக்குப் போதும். உங்க அத்தானுக்கு நல்ல ஊசியாத்தான போட்ட?”

டாக்டரின் பேனா நோட்டின்மேல் நின்றது.

“திருத்தாதிய சார்,” என்றாள் அல்போன்சா. இந்தத் தடவை அவள் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. “கை தவறல. அக்கா, அத்தானுக்கு வந்தது சிவப்புதான். காய்ச்சல் வந்தா முதக் குளிப்பு போயிரும், மஞ்சளை எடுத்துக் குடு மச்சினான்னு சிரிச்சாவ. நான் எடுத்துக் குடுத்தேன். மஞ்சள்ல மருந்து இல்லக்கா. வெறும் உப்புத்தண்ணி. அது எனக்கு அன்னைக்கே தெரியும்.”